வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?

இன்ஜினைச் சுற்றும் நீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பற்றி, பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் பட்டறையில் இதைக் கேட்டிருப்பார்கள்: "தெர்மோஸ்டாட்டா? அதெல்லாம் குளிர் நாட்டுக்கு சார். நம்ம ஊர் வெயிலுக்கு வேண்டாம்னு கழட்டிட்டேன்." கழற்றியதும் டெம்பரேச்சர் முள் கீழேயே நிற்கும். ஓட்டுபவருக்கு நிம்மதி, மெக்கானிக்குக்கும் நிம்மதி. இன்ஜினுக்குத்தான் இல்லை.

சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதைச் சுற்றி ஓடும் நீர் ஏறக்குறைய 90 டிகிரியில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் இன்ஜினைச் செய்கிறார்கள். வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும், அந்த 90-க்கு அது இன்னும் 50 டிகிரி குறைவுதான். இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எரிதலில் உண்டாகும் நீராவியும் உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு கலக்கும். நாளாக நாளாக ஆயில் சேறாகும், பிஸ்டன் ரிங் தேயும். பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும் வகை இன்ஜின் என்றால், 'இன்னும் சூடாகவில்லை' என்று நினைத்து அதன் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இந்த இடத்தையும் ஒருமுறை பார்க்கலாம்.

தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினுக்கும், சூடான நீரை ஆறவைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள மதகு. மின்சாரமும் கிடையாது, வயரும் கிடையாது. வேலை முழுவதையும் செய்வது ஒரு சிறிய உலோகக் குப்பிக்குள் அடைத்த மெழுகு. மெழுகு கெட்டியாக இருக்கும்போது சூடேற்றினால் கொஞ்சமாகத்தான் விரியும். உருகும் கட்டத்தில் மட்டும் அதன் பருமன் சட்டென்று கூடும். போவதற்கு வேறு இடமில்லாததால் அது ஒரு ஊசியை அழுத்தும். ஸ்பிரிங்கின் எதிர்ப்பை மீறி வால்வு திறக்கும். எந்தச் சூட்டில் திறக்க வேண்டுமோ, அந்தச் சூட்டில் உருகும்படி மெழுகுகளைக் கலந்து வைக்கிறார்கள். சூடு உள்ளே வேகமாகப் பரவ செம்புத் தூளையும் சேர்ப்பார்கள். நீர் ஆறினால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். 1930-களில் செர்ஜியஸ் வெர்னெட் உருவாக்கிய இந்த ஏற்பாடு இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை.

அதற்கு முன்பு இருந்தது, எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த துருத்தி வகை. துருத்தியில் ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் திறந்தபடியே நின்றுவிடும். மெழுகு வகை அப்படி இல்லை. குப்பி கசிந்து மெழுகு வெளியேறினால் ஸ்பிரிங் வால்வை மூடியே வைத்திருக்கும். வண்டி நடுவழியில் கொதிக்கும். மெக்கானிக்குகளுக்கு இதன் மேல் கோபம் வந்ததற்கு இது ஒரு நியாயமான காரணம்தான்.

ஆனால் கழற்றி எறிந்தால் சில இன்ஜின்கள் முன்பைவிட அதிகமாகக் கொதிக்கும். வால்வு மூடியிருக்கும்போது நீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவர ஒரு குறுக்கு வழி உண்டு. பல வண்டிகளில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். மேல் வால்வு திறக்கத் திறக்க அது அந்தக் குறுக்கு வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பிவிடும். 'தண்ணி வேகமா ஓடுறதால ஆற நேரம் இல்லை' என்று சொல்லப்படும் விளக்கம் சரியல்ல. ஓட்டம் கூடினால் ரேடியேட்டர் பொதுவாக அதிக வெப்பத்தைத்தான் வெளியேற்றும்.

வெயில் நாடுகளை நிறுவனங்கள் மறந்துவிடவும் இல்லை. அம்பாசிடரில் வெகுகாலம் ஓடிய பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் இன்ஜினின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் பிரிட்டனின் எம்ஜிபி கார் இன்ஜினும். அந்தக் காருக்குச் சாதாரணமாக 82 டிகிரி, குளிர் நாட்டுக்கு 88, வெயில் நாட்டுக்கு 74 டிகிரி தெர்மோஸ்டாட் என்று கொடுத்தார்கள். வெயிலுக்காக டிகிரியைக் குறைத்தார்களே தவிர, பொருளை எடுத்துவிடவில்லை.

உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று பார்க்க, ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டே இன்ஜின் வரை போங்கள். ஹோஸ் முடியும் இடத்தில், இரண்டு மூன்று போல்ட் போட்ட குமிழ் போன்ற மூடிக்குள் அது பெரும்பாலும் இருக்கும். சில வண்டிகளில் கீழ் ஹோஸ் பக்கம் வைத்திருப்பார்கள். மேல் ஹோஸ் வகை என்றால் சோதிப்பது சுலபம். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு அந்த ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். ஃபேன் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோக வேண்டாம். சில நிமிடம் குளிர்ச்சியாக இருந்து திடீரென்று சூடேறினால் நல்லது. முதலிலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு திறந்தே நிற்கிறது, அல்லது உள்ளே ஒன்றுமே இல்லை. முள் சிவப்பைத் தொட்டும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம், தண்ணீர் பம்ப்பும் போயிருக்கலாம்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை, ஆனால் இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்த நொடியில் கொதித்துப் பீறிடும். கூலன்ட்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் அந்த நீரை, கொஞ்சம் இறக்கிவிட்டு தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்ற வேண்டும். பழைய வண்டியில் இங்கேதான் பொறுமை தேவை: அலுமினியத்தோடு துருப்பிடித்து ஒட்டிய போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறிந்து கையில் வரும். முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். கசிவைத் தடுக்க மூடிக்கு அடியில் வைத்திருக்கும் பழைய கேஸ்கெட்டை ஒட்டு மிச்சமில்லாமல் சுரண்டி எடுங்கள். புதியதைப் போடும்போது மெழுகுக் குப்பி இன்ஜின் பக்கம் இருக்க வேண்டும். விளிம்பில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேலே வர வேண்டும், காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். புதியது நல்லதுதானா என்று சந்தேகமா? நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் நீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தெர்மோஸ்டாட்டில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டிய சூட்டில் திறக்கத் தொடங்க வேண்டும்.

நிரப்பும்போது போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு ரேடியேட்டரில் படியும். கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றி, ஹீட்டர் இருந்தால் முழுக்கத் திறந்து வைத்து, மேல் ஹோஸ் சூடேறும் வரை இன்ஜினை ஓடவிடுங்கள். மறுநாள் காலை ஆறிய பிறகு மட்டம் இறங்கியிருந்தால், முதலில் தெர்மோஸ்டாட் மூடியைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிக்கியிருந்த காற்று வெளியேறிய இடம்தான் அது, ஊற்றி நிரப்பினால் போதும்.