ஓய்வூதியத்தை இருபதாம் ஆண்டில் வைத்துப் பாருங்கள்

ஓய்வுபெறும் வயதை நெருங்கிய மத்திய அரசு ஊழியர்கள் ஆலோசனைக்கு வரும்போது, "மாதம் கைக்கு எவ்வளவு வரும்?" என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் அதற்குச் சொல்லப்படும் தொகை முதல் மாதத்துக்கு உரியது. எண்பது வயதில் அதற்கு என்ன மதிப்பு இருக்கும், தமக்குப் பின் துணைவருக்கு என்ன கிடைக்கும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முதுமைப் பாதுகாப்பின் உண்மையான அளவு தெரியும்.

பழைய ஓய்வூதியத்தில், விலைவாசி உயர்வுக்கு ஏற்பக் கூடும் அகவிலை நிவாரணம் இருந்தது. எண்பது வயதானால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகவும் கிடைக்கும். 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்தோருக்கு (முப்படையினர் நீங்கலாக) வந்த தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் ஊழியர் 10 சதவீதமும், 2019 ஏப்ரல் முதல் அரசு 14 சதவீதமும் செலுத்த, அந்தத் தொகை சந்தையில் முதலீடு செய்யப்படுகிறது. ஓய்வின்போது சேர்ந்த நிதியில் பொதுவாகக் குறைந்தது 40 சதவீதத்துக்கு ஆன்யூட்டி, அதாவது மொத்தப் பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து ஆயுள் முழுவதும் மாதத் தொகை பெறும் திட்டம், வாங்க வேண்டும். பெரும்பாலானோர் வாங்கும் ஆன்யூட்டியில் மாதத் தொகை கடைசிவரை மாறுவதில்லை. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்வதாகக் கொண்டால், இன்றைய 20,000 ரூபாயின் வாங்கும் திறன் 12 ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 ஆகவும், 20 ஆண்டுகளில் 6,200 ஆகவும் சுருங்கிவிடும். மருத்துவச் செலவு கூடும் வயதும் அதுதான்.

இந்தக் குறையை ஈடுசெய்யும் வகையில் 2025 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை நான் வரவேற்கிறேன். 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியும் அதன்மீது அகவிலை நிவாரணமும் உண்டு. ஆனால் நிபந்தனைகளை முழுமையாகப் படிப்பவர்கள் குறைவு. பணிக்காலம் குறைந்தால் தொகையும் அதே விகிதத்தில் குறையும். பத்து ஆண்டு நிறையாதவருக்கு இந்த உறுதியான மாதத் தொகை இல்லை. 25 ஆண்டு முடித்து விருப்ப ஓய்வு பெறுபவருக்கு உடனே பணம் வராது. பணியில் நீடித்திருந்தால் எந்த நாளில் ஓய்வுபெற்றிருப்பாரோ அந்த நாளிலிருந்துதான் வழங்கப்படும். மகளின் திருமணத்துக்கென நிதியிலிருந்து ஒரு பகுதியை எடுத்தால் மாதத் தொகை அதற்கேற்பக் குறையும். ஊழியருக்குப் பின் துணைவருக்கு 60 சதவீதம் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அது தொடராது. ஆகவே, மாற்றுத்திறனாளிப் பிள்ளையை உடைய பெற்றோர் தனியே ஓர் ஏற்பாடு செய்தே ஆக வேண்டும்.

ஆன்யூட்டி வாங்குவோர் சிலர், சற்றுக் கூடுதலாக வருகிறது என்பதற்காகத் தம் ஆயுளுக்கு மட்டுமான வகையைத் தேர்கிறார்கள். சொந்த வருமானம் இல்லாத மனைவி இருக்கும் வீட்டில் இது செய்யவே கூடாத தேர்வு என்பது என் உறுதியான கருத்து.

பணியில் இருப்போர் இன்றே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பணிக்காலத்தில் இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்குப் பழைய விதிகளின்படி ஓய்வூதியம் வேண்டுமா, சேர்ந்த நிதியின் பலன் வேண்டுமா என்று ஊழியரே விருப்பம் தெரிவிக்கும் படிவம் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கான 2021-ஆம் ஆண்டு விதிகளில் உள்ளது. பழைய விதிகளைத் தேர்ந்தால் கடைசிச் சம்பளத்தில் பாதி பத்தாண்டுகளுக்கும், பின்னர் 30 சதவீதமும், அகவிலை நிவாரணத்துடன் குடும்பத்துக்குக் கிடைக்கும். அரசு செலுத்திய பங்கு அரசுக்குத் திரும்ப, ஊழியரின் சொந்தப் பங்கு நியமனதாரரைச் சேரும். இளம் வயதில் சேர்ந்து நிதி இன்னும் வளராதவர்களின் குடும்பத்துக்கு இதுவே பெரும்பாலும் நல்லது. திருமணத்துக்கு முன் பெற்றோர் பெயரில் தந்த நியமனத்தை மாற்றியிருக்கிறீர்களா என்பதையும், இந்தப் படிவம் பணிப்பதிவேட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அலுவலகத்தில் ஒரே நாளில் சரிபார்த்துவிடலாம்.