சேர்மானம்: தென் பிரான்ஸ் ஒயினுக்கு ஒரு சொல்

ரோன் பள்ளத்தாக்கின் தென்பகுதி, புரொவான்ஸ், லாங்டாக் ஆகிய மூன்று இடங்களிலும் சிவப்பு ஒயினைப் பெரும்பாலும் ஒரே திராட்சை வகையில் செய்வதில்லை. இரண்டு, மூன்று, சில சமயம் அதற்கு மேலும் வகைகளைச் சேர்ப்பார்கள். இதைத் தமிழில் 'கலப்பட ஒயின்' என்று எழுதுகிறார்கள். ஓர் உணவகப் பட்டியலில் முதலில் பார்த்தபோது அவசரத்தில் நேர்ந்த பிழை என்று விட்டுவிட்டேன். அப்புறம் காணொளிகளின் அடியில் ஓடும் எழுத்திலும், பயணக் கட்டுரைகளிலும் அதே தொடர் வந்தது. இனியும் சும்மா இருப்பதற்கில்லை.

பாலில் தண்ணீர் ஊற்றுவதும் மிளகில் பப்பாளி விதையைச் சேர்ப்பதும்தான் கலப்படம். 1954இல் இந்தியாவில் சட்டம் போட்டுத் தடை செய்த காரியம் அது. அந்தப் பெயரை எழுதி வைத்துவிட்டு அடுத்த வரியில் 'உன்னதமான சுவை' என்று எழுதுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

மூலச்சொல் அசாம்ப்ளாஜ். பிரெஞ்சில் 'ஒன்றுசேர்த்தல்' என்று பொருள். 'ஒருங்கே' எனப் பொருள்படும் லத்தீன் சொல் சிமுல் அதன் வேர். தச்சர் மரத்துண்டுகளைப் பொருத்துவதற்கும் அங்கே இதே சொல்தான். சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. கிரெனாஷ் வெயிலில் நன்றாகப் பழுத்துச் சர்க்கரை ஏறும் திராட்சை. அதன் ஒயினில் 14, 15 விழுக்காடு ஆல்கஹால் சாதாரணமாக வரும், வாய்க்கும் இதமாக இருக்கும். ஆனால் நிறம் மட்டு, காற்றுப் பட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். சிரா அந்த நிறத்தையும் மிளகு வாசனையையும் கொண்டுவரும். (இந்த மிளகு வாசனை வெறும் வர்ணனை அல்ல. நம் மிளகில் உள்ள ரொட்டண்டோன் என்ற சேர்மம்தான் சிராவிலும் இருக்கிறது.) மூர்வேத்ர் கடைசியில் பழுக்கும், துவர்ப்பும், பல வருடம் பாட்டிலில் தாங்கும் திடமும் அதன் பங்கு. 'முகம் வெயிலில், கால் தண்ணீரில்' இருந்தால்தான் அது தேறும் என்பது அந்தப் பக்கத்துச் சொலவடை. பழுக்கும் நாள் வேறு வேறு என்பதால் பல பண்ணைகளில் தனித்தனியாகப் பறித்து, தனித்தனித் தொட்டிகளில் நொதிக்க வைத்து, பிறகு உட்கார்ந்து சுவைத்துச் சுவைத்து எது எவ்வளவு என்று முடிவு செய்கிறார்கள். அந்த வேலைக்குப் பெயர்தான் அசாம்ப்ளாஜ்.

அது இஷ்டத்துக்குச் செய்யும் வேலையும் அல்ல. ஷாத்தோநெஃப் து பாப் என்ற ஊரில் பாரன் லெ ருவா என்ற பண்ணைக்காரர் 1923இல் ஊராரைச் சேர்த்துக்கொண்டு விதிகள் வகுத்தார். எந்த நிலத்தில் பயிரிடலாம், எந்தத் திராட்சை ஆகும், ஆல்கஹால் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்று எல்லாம் அதில் உண்டு. 1936இல் அது அரசு அங்கீகாரம் பெற்றது. அங்கே அனுமதித்த வகைகள் 13 என்பது வழக்கமான கணக்கு. புரொவான்ஸில் உள்ள பாந்தோலில் சிவப்பு ஒயின் என்றால் பாதியாவது மூர்வேத்ர் இருக்க வேண்டும், 18 மாதமாவது மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும்.

'கலப்படம்' என்ற சொல் தென் பிரான்ஸ் மண்ணில் இன்னும் மோசமாக ஒலிப்பதற்கு ஒரு வரலாறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்சின் கொடிகளை அழித்தது. தட்டுப்பாட்டில் உலர்திராட்சையையும் சர்க்கரையையும் தண்ணீரையும் வைத்து 'ஒயின்' செய்தார்கள். கொடிகள் மீண்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, விலை விழுந்தது. 1907இல் லாங்டாக் விவசாயிகள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அர்ஷெலியே என்ற சிற்றூரின் மார்சலான் அல்பேர் முன்னே நின்றார். ஜூன் மாதம் மோன்பெலியே நகரில் லட்சக்கணக்கில் கூடினார்கள். நார்போனில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. உள்ளூர்ப் பிள்ளைகள் நிறைந்திருந்த 17ஆம் காலாட்படை கலகம் செய்தது. அந்த மாதக் கடைசியில் தண்ணீரையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. கலப்படத்தை எதிர்த்துச் செத்த ஊரின் ஒயினுக்கு நாம் வைக்கும் பெயர் கலப்பட ஒயின்!

சரி, கலப்படம் கூடாது என்று உணர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தாவிய இடம் 'கலப்பின ஒயின்'. தனித்தமிழ் ஆர்வலர் கையில் அது 'கலப்பினச் செந்தேறல்' ஆகியிருக்கிறது. என் பெரிய சண்டை இதோடுதான். கலப்படம் என்பது கவனக்குறைவு, சொன்னால் திருத்திக்கொள்வார்கள். கலப்பினம் யோசித்துச் செய்த தவறு என்பதால் கம்பீரமாக நிற்கிறது.

கலப்பினம் என்றால் இரண்டு இனங்களை இணைத்து உண்டாக்கிய மூன்றாவது உயிர். கலப்பினப் பசு, கலப்பின நெல் என்று விவசாயிக்கு இதில் குழப்பமே கிடையாது. கிரெனாஷும் சிராவும் தோட்டத்தில் தனித்தனிக் கொடிகளாகத்தான் நிற்கின்றன. சேருவது பிழிந்த சாறோ நொதித்த ஒயினோதான். ஒன்றுக்கொன்று மகரந்தம் கொடுத்துக் குட்டி போடவில்லை. இதைவிட முக்கியமான ஒன்று: திராட்சையில் கலப்பினம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அதே பூச்சிக்குப் பயந்து அமெரிக்கக் கொடிகளையும் அவற்றின் கலப்பினங்களையும் பிரான்சில் நட்டார்கள். நோவா, கிளிண்டன், ஜாக்கே, ஒத்தெல்லோ எல்லாம் அந்த வகை. 1930களில் அவற்றில் ஆறு வகைகளைச் சட்டம் தடைசெய்தது. அப்படியானால் 'தென் பிரான்சின் புகழ்பெற்ற கலப்பின ஒயின்' என்று எழுதுபவர், விவரம் தெரிந்தவர் காதில் விலக்கப்பட்ட சரக்கை அல்லவா விளம்பரம் செய்கிறார்? நாளைக்கு அந்தக் கலப்பினங்களைப் பற்றி எழுத வேண்டி வந்தால் எந்தச் சொல்லை எடுப்பார்? தனித்தமிழுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் ஒரு சொல் தூய தமிழாக இருப்பதால் மட்டும் சரியாகிவிடாது. ஏற்கெனவே ஒரு பொருளுக்கு உழைத்துக்கொண்டிருக்கும் சொல்லைப் பிடுங்கி இன்னொன்றில் கட்டினால் இரண்டுமே கெட்டுப்போகும்.

'கலவை' தப்பில்லை, ஆனால் சித்தாள் கையில் இருக்கும் சிமெண்டுதான் நினைவுக்கு வருகிறது. 'கூட்டு' நல்ல சொல். கூட்டுப் பெருங்காயம் என்று டப்பாவிலேயே போடுகிறார்கள். ஆனால் 'கூட்டு ஒயின்' என்றால் பூசணிக்காய் ஞாபகம் வருவதைத் தடுக்க முடியாது.

நான் சொல்வது சேர்மானம். சித்த மருந்தில் எது எந்த அளவில் சேர வேண்டும் என்பதற்கு இந்தச் சொல் பழகியது. அளவு, தேர்வு, நோக்கம் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. அசாம்ப்ளாஜின் வேரில் உள்ள 'ஒருங்கே சேர்த்தல்' என்ற பொருளும் கிடைக்கிறது. சேர்மான ஒயின், மூன்று திராட்சைச் சேர்மானம், இந்த ஆண்டின் சேர்மானம் என்று எப்படி மடக்கினாலும் மடங்கும். பிரெஞ்சில் கூபாஜ் என்று இன்னொரு சொல்லும் உண்டு. வெவ்வேறு ஊர், வெவ்வேறு நாட்டு ஒயின்களை ஊற்றிக் கலந்து மலிவாக விற்பதை அப்படிக் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்வார்கள். 'கலவை'யை அதற்கு விட்டுக்கொடுத்துவிடலாம்.

பரிமாறும் இடத்திலும் மொழிபெயர்ப்பாளர்கள் விடுவதில்லை. 'சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. நிலவறையில் குளிர்ந்து கிடந்த பாட்டிலை அறைக்குக் கொண்டுவந்து வைப்பதை பிரெஞ்சில் ஷாம்ப்ரே என்பார்கள். ஹீட்டர் வருவதற்கு முந்தைய பிரெஞ்சு வீட்டு அறை அது. 16 முதல் 18 டிகிரி இருக்கும். சென்னையில் மே மாத அறை 34 டிகிரி. 15 விழுக்காடு ஆல்கஹால் உள்ள கிரெனாஷை அந்தச் சூட்டில் ஊற்றினால் பழ வாசனை எல்லாம் போய் ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறும். 'இளங்குளிர்ச்சியாக' என்று எழுதினால் வேலை முடிந்தது. புறநானூற்றில் நக்கீரர் யவனர் கொண்டுவந்த மதுவைத் 'தண்கமழ் தேறல்', அதாவது குளிர்ந்து மணக்கும் மது என்றார், அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஊரில் பரிமாறுவதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும்.

இன்னொன்று 'வடிகட்டிப் பரிமாறவும்'. டீ வடிகட்டியை எடுத்துவிடாதீர்கள். பாந்தோல் போன்ற திடமான ஒயினை வாயகன்ற கண்ணாடிக் குடுவைக்கு மெதுவாக மாற்றச் சொல்கிறார்கள். பழைய பாட்டிலானால் வண்டல் அடியிலேயே தங்கட்டும் என்பதற்கு, இளசானால் காற்றுப் பட்டுத் துவர்ப்பு இளகட்டும் என்பதற்கு. இதற்குப் பள்ளி வேதியியலிலேயே 'இறுத்தல்' என்று சொல் இருக்கிறது. இறுத்த பிறகு கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் சுழற்றி மோந்து பார்க்க இடம் இருக்கும். அங்கே இதற்கு ஆட்டிறைச்சியோ, பீன்ஸும் வாத்தும் சேர்ந்து வெந்த கஸூலேயோ வைப்பார்கள். நம் வீட்டில் மிளகு தூக்கலான ஆட்டுக்கறி வறுவல் பொருந்தும். மிளகாய் தூக்கலானது வேண்டாம், ஆல்கஹால் அந்த எரிச்சலை இன்னும் கூட்டிவிடும்.