பூ முற்றும் முன் அறு, நார் அழுகும் முன் அள்ளு: ஹெம்ப் பயிரின் கணக்கு

பாரிஸுக்குத் தென்கிழக்கே, ட்ருவா நகரைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மண் சமவெளியில், மே மாதம் கணுக்கால் உயரம் இருக்கும் ஒரு பயிர் ஆகஸ்டில் இரண்டரை மீட்டர் தாண்டி நிற்கும். இலையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது, கஞ்சாதான். இனமும் அதேதான், கன்னாபிஸ் சட்டைவா. ஆனால் இதைப் பயிரிடுகிறவருக்கு வேண்டியது போதைப் பூ இல்லை. தண்டின் தோலுக்கு அடியில் ஓடும் நாரும், முடிந்தால் கொஞ்சம் விதையும் வேண்டும். இந்த வகைக்கு ஹெம்ப் என்று பெயர்.

தமிழில் இதைச் சணல் என்று எழுதிவிடுகிறார்கள். அது குழப்பத்தில்தான் முடியும். சாக்குத் தைக்கும் சணல் கார்கோரஸ் என்கிற வேறு செடி. பசுந்தாள் உரத்துக்கு மடக்கி உழும் சணப்பு அவரைக் குடும்பம். புளிச்சைக்கு ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ் என்று பெயர் வைத்ததுகூட இலை கஞ்சா இலை மாதிரிப் பிளவுபட்டிருப்பதால்தான். மூன்றிலும் நார் எடுக்கலாம். மூன்றுக்கும் கஞ்சாவோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அப்படியானால் ஹெம்ப்பையும் போதைக் கஞ்சாவையும் பிரிப்பது எது? ஒரு நொதி. செடியின் பிசின் சுரப்பிகளில் முதலில் சிபிஜி அமிலம் என்கிற தாய்ப்பொருள் உருவாகிறது. ஒருவகை நொதி இருந்தால் அது டிஎச்சி அமிலமாக மாறும், சூடுபட்டால் போதை தரும். இன்னொரு நொதி இருந்தால் அதே தாய்ப்பொருள் சிபிடி அமிலமாகும், அதில் போதை இல்லை. எந்த நொதி என்பதை மரபணு முடிவு செய்கிறது. மண்ணோ வெயிலோ வறட்சியோ டிஎச்சிக்கும் சிபிடிக்கும் உள்ள விகிதத்தைப் புரட்டிப்போட முடியாது. ஆனாலும் சிபிடி செய்யும் நொதி ஓரளவு டிஎச்சியையும் கசியவிடும். அதனால் பூ முற்ற முற்ற, மொத்தச் சுரப்பு கூடக்கூட, டிஎச்சியும் கூடவே ஏறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் டிஎச்சிக்கு வரம்பு 0.3 சதவீதம், அதற்கு முன் 0.2. பூத்த வயலில் அதிகாரிகள் 50 செடிகளின் நுனியை 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டிப் போய்ச் சோதிப்பார்கள். விவசாயி சொந்த விதை எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு ஆண்டும் சான்று விதைதான் வாங்க வேண்டும், மூட்டையின் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்க அரசு அனுமதி தரலாம் என்று 14ஆம் பிரிவில் ஒரு வழி விட்டிருக்கிறது. 2018இல் அந்த வழியில் முதலில் நடந்தது உத்தராகண்ட். அனுமதி இல்லாமல் வளர்த்தால் 10 ஆண்டு வரை சிறை. ‘இது நார்வகை’ என்கிற சமாதானம் அங்கே செல்லாது.

சட்டத்தை விட்டுவிட்டு வயலுக்குப் போவோம். ஹெம்ப் விவசாயியின் திறமை முழுவதும் இரண்டு கட்டத்தில் அடங்கும். ஒன்று, செடியைப் பூக்கவிடாமல் முடிந்தவரை தள்ளிப்போடுவது. இரண்டு, அறுத்த தண்டை அழுகவிட்டு, சரியான நாளில் அந்த அழுகலை நிறுத்துவது.

முதலில் பூ. ஹெம்ப் குறும்பகல் செடி. அது அளப்பது உண்மையில் பகலை அல்ல, இரவின் நீளத்தை. இலையில் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்கிற நிறமி, இருட்டு எவ்வளவு நேரம் இடைவிடாமல் நீடித்தது என்று கணக்கு வைத்திருக்கும். இரவு ஒரு வரம்பைத் தாண்டினால் ‘பூ’ என்று சைகை போகும். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் சாமந்திக்கு ராத்திரியில் பல்பு எரியவிடுவதும் இதே காரணத்தால்தான். வெளிச்சம் இருட்டை உடைக்கும், செடி பூக்காமல் தண்டை நீட்டிக்கொண்டு போகும்.

பல ஐரோப்பிய ஹெம்ப் ரகங்களுக்கு வரம்பு 14 மணி நேரப் பகலை ஒட்டி இருக்கிறது. ட்ருவாவில் ஜூன் கடைசியில் பகல் 16 மணி நேரம். அது 14க்கு இறங்க ஆகஸ்ட் மூன்றாம் வாரம் ஆகிவிடும். அதுவரை செடிக்கு வளர்வதைத் தவிர வேறு வேலை இல்லை. நல்ல ஜூன் மாதத்தில் ஒரு நாளைக்கு 4, 5 செ.மீ. ஏறும். பூத்துவிட்டால் சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும், தண்டு நின்றுவிடும். ஆகவே தெற்கத்திய ரகத்தை வடக்கே கொண்டுபோய் விதைப்பது இந்தத் தொழிலின் பழைய தந்திரம். தெற்கத்தி ரகம் இன்னும் நீண்ட இரவுக்குக் காத்திருக்கும், காத்திருக்கும் வாரங்கள் எல்லாம் உயரமாகும்.

இதைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரே உதாரணம். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. ஐரோப்பிய விதை இங்கே முளைத்த நாளிலிருந்தே ‘இரவு நீண்டுவிட்டது’ என்றுதான் எண்ணும். முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். அதில் நாரும் தேறாது, விதையும் தேறாது. ‘எந்த மண்ணிலும் வளரும் அதிசயப் பயிர்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் அட்சரேகையைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. ஃபின்லாந்தின் ஃபினோலா போன்ற சில ரகங்கள் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் வயது வந்ததும் பூக்கும். ஆனால் அவை விதைக்கான குட்டை ரகங்கள், நாருக்கு உதவாது.

ட்ருவா பக்கம் விதைப்பு ஏப்ரல் கடைசியில். மண் 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் சூடாக வேண்டும், ஆழம் 2, 3 செ.மீ. போதும். ஹெக்டேருக்கு 50 கிலோ, அதாவது ஏக்கருக்கு 20 கிலோ விதை. ஆயிரம் விதையின் எடை சுமார் 17 கிராம் என்று வைத்தால் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 300 விதை விழும். இவ்வளவு நெருக்கம் எதற்கு? இடைவெளி விட்டால் செடி கிளைக்கும், தண்டு பருக்கும். பருத்த தண்டில் அடிப்பக்கம் இரண்டாம் நார் என்று ஒன்று உருவாகும். அதன் நீளம் 2 மி.மீ. அளவுதான், கட்டைத்தன்மையும் அதிகம். நெருக்கிப் போட்டால் பென்சில் தடிமனில், கிளையில்லாத நெட்டைத் தண்டு வரும். அதில் முதல் நாரே மிகுதி, சராசரி நீளம் 20 மி.மீ. அளவு. நூற்பவருக்கு வேண்டியது அதுதான். ஜவுளிக்கென்றே வளர்ப்பவர்கள் இன்னும் அடர்த்தியாக விதைக்கிறார்கள். விதைக்காக மட்டும் என்றால் 25 கிலோவே போதும்.

மிகவும் நெருக்கினாலும் ஆபத்து உண்டு. செடிகள் ஒன்றையொன்று கொன்றுவிடும், சதுர மீட்டருக்கு நூற்றுச் சொச்சம்தான் கடைசிவரை நிற்கும். நிழலில் செத்த மெல்லிய செடிகள் அறுவடையில் கலந்து நாரின் தரத்தைக் கெடுக்கும்.

முதல் மூன்று வாரம்தான் கண்டம். விதைத்தபின் அடைமழை பெய்து மண் மேலே ஓடு கட்டினால் முளை வெளியே வராது. வந்த நாற்றுக்கும் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறி மஞ்சளாகிச் சாகும். ஆணிவேர் ஆழம் தேடும் செடி இது. உழவுக்குக் கீழே மண் இறுகியிருந்தால் வேர் அங்கே முட்டி ‘எல்’ போல மடங்கிப் பக்கவாட்டில் ஓடும். அப்படிப்பட்ட வயல் ஜூலை வறட்சியில் முதலில் வாடும். ஒரே வயலில் திட்டுத்திட்டாகக் குட்டைச் செடி தெரிந்தால் உரத்தைக் குறை சொல்லாமல் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்ப்பது நல்லது. தழைச்சத்து ஹெக்டேருக்கு 80 முதல் 120 கிலோ. அதற்கு மேல் போட்டால் தண்டு மெலிந்து சாயும், உயரமும் சீராக இருக்காது.

நான்கு வாரத்தில் இலைக்கூரை மூடிக்கொள்ளும். பிறகு களை எட்டிப்பார்க்க முடியாது, அதனால் களைக்கொல்லியும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இருட்டுக்கு அஞ்சாத களை ஒன்றே ஒன்று, ஓரோபாங்கி என்கிற ஒட்டுண்ணிச் செடி. அதற்குப் பச்சையமே கிடையாது, ஹெம்ப்பின் வேரைக் கடித்துக்கொண்டு வாழும். நம் புகையிலை விவசாயிகளுக்குத் தெரிந்த புகையிலைக் காளானின் நெருங்கிய சொந்தம் அது. பிரான்ஸின் ஹெம்ப் வயல்களில் பெரிய தலைவலி. விதை தூசிபோல இருக்கும், மண்ணில் பல ஆண்டு உறங்கும். அறுவடை இயந்திரத்தைக் கழுவாமல் வயலுக்கு வயல் ஓட்டினால் கூடவே பயணம் செய்யும்.

ஹெம்ப்பில் இயல்பாகவே ஆண் வேறு, பெண் வேறு. ஆண் செடி முன்னதாகப் பூத்து, மகரந்தம் உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோகும். பெண் செடி விதை முற்றும்வரை இன்னும் நான்கு முதல் ஆறு வாரம் பச்சையாக நிற்கும். ஒரே வயலில் இரண்டு வயசு. இயந்திரத்துக்கு இது ஒத்துவராது. அதனால்தான் ஃபெடோரா 17, ஃபெலினா 32, ஃப்யூடுரா 75 போன்ற பிரெஞ்சு ரகங்களில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் வருமாறு தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

ஜவுளி நாருக்கு அறுப்பு, பூ தொடங்கி மகரந்தம் கொட்டும் நாட்களுக்குள். தாமதித்தால் நாரில் கட்டைப்பொருள் ஏறும், விறைக்கும். விதையும் வேண்டும் என்பவர்கள் செப்டம்பர்வரை காத்திருந்து முதலில் தலைப்பகுதியை இயந்திரத்தில் வாங்கிவிட்டு, பிறகு தண்டை அறுப்பார்கள். நார் அப்போது காகிதத்துக்கும், கட்டடங்களின் வெப்பக் காப்புப் பஞ்சுக்கும் போகும். விதை வயலிலிருந்து வரும்போது 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். நாலைந்து மணி நேரத்துக்குள் காற்றோட்ட உலர்த்திக்குப் போகாவிட்டால் குவியல் உள்ளே சூடேறி எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும். 9 சதவீதத்துக்கு இறக்கினால்தான் கிடங்குக்குத் தகுதி.

இந்த அறுவடைக்கு இயந்திர ஓட்டுநர்கள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. பருத்தியைவிட வலுவான நார் சுழலும் தண்டுகளில் கயிறாகச் சுற்றிக்கொள்ளும். பேரிங் சூடாகும், சுற்றிய நாரே திரியாகித் தீப்பிடிக்கும். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், சுற்றுகிற இடங்களுக்குத் தகடு போட்டு மூட வேண்டும், அடிக்கடி இறங்கி அறுத்தெடுக்க வேண்டும். நீள நாருக்கு என்றால் தண்டை ஒரு மீட்டர் துண்டாக வெட்டி வரிசை கலையாமல் கிடத்துகிறார்கள். ஆளி நார் பிரிக்கும் பழைய ஆலைகள் அந்த நீளத்துக்குக் கட்டப்பட்டவை என்பதுதான் காரணம்.

இனி அழுகல். நாரைத் தண்டின் உள்கட்டையோடு ஒட்டவைத்திருப்பது பெக்டின், செடியின் பசை. பசையை மட்டும் தின்ன வேண்டும், நாரின் செல்லுலோஸைத் தொடக் கூடாது. இந்த வேலையை நுண்ணுயிர்களிடம் ஒப்படைப்பதற்குப் பெயர் ஊறல். தேங்காய் மட்டையைக் காயலில் புதைப்பதும் இதேதான். ஆனால் மட்டைக்கு மாதக்கணக்கில் ஆகும், ஹெம்ப்புக்குத் தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாள் போதும். இத்தாலியின் பொலோனா, ஃபெராரா பக்கம் பண்ணைகளில் இதற்கென்று குளம் வைத்திருந்தார்கள். கட்டுகளைக் கல் ஏற்றி அமிழ்த்துவார்கள், காற்றில்லாத நீரில் கிளாஸ்டிரிடியம் பாக்டீரியா பசையைக் கரைக்கும். நார் வெண்மையாகவும் மென்மையாகவும் வரும். நாற்றம் ஊரைத் தூக்கும், நீர் பாழாகும். அது வழக்கொழிந்ததற்குக் கூலியோடு இதுவும் ஒரு காரணம்.

இன்று பெரும்பாலும் பனி ஊறல்தான். அறுத்த தண்டு வயலிலேயே கிடக்கும். இரவில் பனி, பகலில் இளவெயில். முதலில் கிளாடோஸ்போரியம், ஆல்டர்நேரியா போன்ற பூஞ்சைகள் வந்து குடியேறும், பிறகு பாக்டீரியா. பச்சை மஞ்சளாகும், மஞ்சள் சாம்பலாகும், மேலே கரும்புள்ளி விழும். இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், அது வானத்தின் கையில். மழையே இல்லையென்றால் வேலை நின்றுவிடும். விடாமல் பெய்தால் தரையோடு ஒட்டிய பக்கம் அழுகும், மேல்பக்கம் அரைகுறையாக நிற்கும். அதற்குத்தான் ஒருமுறையோ இருமுறையோ புரட்டிப்போடுவது. பசை தீர்ந்த பிறகும் விட்டுவைத்தால் பூஞ்சைகள் செல்லுலோஸ் பக்கம் திரும்பும். பிறகு நாரைப் பஞ்சு பிய்ப்பதுபோலப் பிய்த்துவிடலாம். குறை ஊறலுக்கு ஆலையில் ஓரளவு பரிகாரம் உண்டு, மிகை ஊறலுக்குக் கிடையாது. சந்தேகம் வந்தால் இரண்டு நாள் முன்னதாகவே அள்ளிவிடுவது மேல்.

அள்ள வேண்டிய நாள் வந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? வயலின் பல இடங்களிலிருந்து, மேல்பக்கமும் அடிப்பக்கமும் சேர்த்துப் பத்து இருபது தண்டு எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு இடத்தில் ஒடிக்க வேண்டும். நடுத்துண்டின் கட்டை நாரைவிட்டு வழுக்கிக்கொண்டு உதிர்ந்தால் பதம். கட்டை நாரோடு ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நாள் இருக்கிறது. கட்டை உதிர்ந்தபின் மிஞ்சும் நார்ப் பட்டையைத் திருகி இழுக்கும்போது ‘டப்’ என்று அறுந்தால் நாள் தாண்டிவிட்டது. ஒரே தண்டில் நுனி பதமாகி அடி பச்சையாக இருப்பது சகஜம். அடியை வைத்தே முடிவு செய்தால் நுனி வீணாகும், நடுத்தண்டுதான் அளவுகோல்.

ஆலையில் பல்லுருளைகளுக்கு நடுவே போகும்போது கட்டை நொறுங்கிச் சக்கையாக விழும், நார் மிஞ்சும். எடையில் நார் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே, சக்கை பாதிக்கும் மேல், மீதி தூசி. சக்கை குதிரைலாயத்தில் படுக்கையாகிறது, சுண்ணாம்போடு பிசைந்தால் சுவர் நிரப்பும் பொருளாகிறது. எல்லோராக் குகைகளின் பூச்சில் மண்ணோடும் சுண்ணாம்போடும் ஹெம்ப் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள், ஆகவே இந்தக் கூட்டு புதிதல்ல.

பதம் வந்த தண்டை அள்ளும் அன்று ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். காலைப் பனி உலர்ந்த பிறகு, மதியத்துக்கு மேல்தான் கட்டு போடும் இயந்திரம் வயலில் இறங்கும். 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் ஊறல் கட்டுக்குள்ளேயே தொடரும், கிடங்கில் சூடேறும். கட்டும் கயிறு கற்றாழை நார்க்கயிறாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கயிற்றின் ஒரு இழை நாரோடு கலந்தால் நூலிலிருந்து அதைப் பிரித்தெடுக்க முடியாது என்பதால், நூற்பு நாருக்கு வாங்கும் ஆலை முதலில் பார்ப்பது கயிற்றைத்தான்.