கணக்கில் வராத காற்று

கல்முனைச் சந்தையடி நெரிசலில் நிற்கும்போது கார் உதறுகிறது. ஆர்பிஎம் முள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. அதே கார் அக்கரைப்பற்றுப் பக்கம் வெறும் ரோட்டில் ஓடினால் ஒரு குறையும் தெரியாது. கராஜுக்குக் கொண்டுபோனால் முதலில் பிளக் மாறும், அடுத்து கொயில், அப்புறம் இன்ஜெக்டர் கழுவல். இவ்வளவும் செலவழித்த பிறகு, விரல் நீள ரப்பர் ஹோஸ் ஒன்றில் வெடிப்பு இருப்பது தெரியவரும். நின்றால் உதறும், ஓடினால் சரியாகிவிடும் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

அக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் ஐட்லிங்கில், காற்றுப் பாதையின் கதவான த்ரொட்டில் வால்வு கிட்டத்தட்ட மூடியிருக்கும். அப்போதும் பிஸ்டன்கள் இறங்கி இழுத்துக்கொண்டே இருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாயான இன்டேக் மனிஃபோல்டுக்குள் அமுக்கம் 35 கிலோபாஸ்கல் அளவுக்கு விழுந்துவிடுகிறது. வெளியே 101. எங்கே ஒரு கீறல் கிடைத்தாலும் வெளிக்காற்று பாயும். உள் அமுக்கம் வெளி அமுக்கத்தின் பாதியளவுக்கு விழுந்தாலே போதும், துவாரத்தின் ஒடுங்கிய இடத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். பொனட்டைத் திறந்ததும் சில கார்களில் கேட்கும் 'ஸ்ஸ்' என்ற சத்தம் இப்படி வருவதுதான்.

சத்தத்தோடு நின்றால் பரவாயில்லை. ஒரு கிராம் பெற்றோல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். பல கார்களில் காற்று ஃபில்டருக்கு அடுத்து இருக்கும் மாஃப் சென்சர் உள்ளே போகும் காற்றை அளந்து சொல்ல, எஞ்சின் கம்பியூட்டர் அதற்கேற்பப் பெற்றோல் விடுகிறது. நெல் ஆலை வாசலில் ஒருவர் மூட்டைகளை எண்ணி எழுதிக்கொண்டிருக்க, பின்வேலிப் பொட்டால் மூட்டை உள்ளே வந்தால் அவருடைய கொப்பியில் ஏறுமா? சென்சரைத் தாண்டி நுழையும் காற்றும் அப்படித்தான். காற்று கூடிவிட்டது, பெற்றோல் பழைய அளவுதான். ஐதான கலவை சரியாகப் பற்றாமல் எஞ்சின் உதறுகிறது.

சும்மா ஒரு கணக்குப் போடலாம். 1500 சிசி எஞ்சின் ஐட்லிங்கில் செக்கனுக்கு 2.5 கிராம் அளவு காற்று எடுக்கும். 2 மில்லிமீற்றர் துவாரம் ஒன்றால் செக்கனுக்கு 0.6 கிராம் வரை நுழையலாம், அதாவது கிட்டத்தட்ட கால்பங்கு. அக்சிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோனால் எஞ்சின் எடுக்கும் காற்றே 8 கிராம் தாண்டும்; அதே 0.6 அங்கே 8 சதவீதம்கூட இல்லை. முழுதாக மிதித்தாலோ மனிஃபோல்டில் வெற்றிடமே இருக்காது, ஒழுக்கும் அடங்கிவிடும்.

ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜில் இதை நேரே பார்க்கலாம். எக்ஸ்ஹோஸ்டில் இருக்கும் ஒட்சிசன் சென்சர் பெற்றோல் போதவில்லை என்று சொன்னதும் கம்பியூட்டர் எவ்வளவு பெற்றோலைக் கூட்டிக்கொடுக்கிறது என்பதே ஃபுவெல் ட்ரிம். ஐட்லிங்கில் அது +20 சதவீதம் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் +5க்கு இறங்கினால் காற்று ஒழுக்கு என்று தேடத் தொடங்கலாம். வேகம் கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால் ஹோஸ்களை விட்டுவிட்டுப் பெற்றோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். கம்பியூட்டரால் கூட்டிக் கட்டாதபோதுதான் கலவை ஐதாகிவிட்டது என்று சொல்லும் பி0171 கோட் விழும். மாஃப் இல்லாமல் மனிஃபோல்ட் அமுக்கத்தை அளக்கும் கார்களில் நுழைந்த காற்றுக்கும் சேர்த்துப் பெற்றோல் போகும். அங்கே உதறலைவிட ஐட்லிங் ஏறி நிற்பதே பெரும்பாலும் அடையாளம்.

நம் பக்கத்தில் இது அடிக்கடி வருவதில் வியப்பில்லை. இலங்கை 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மறுபடி திறந்தது. ரோட்டில் ஓடுபவற்றில் பல வயதானவை. எஞ்சின் சூடும் ஒயில் ஆவியும் ரப்பரை இறுக்கி வெடிக்கவைக்கும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் நிறுத்திய கார் ஆறவும் மாட்டாது. பெரும்போக அறுவடை நேரம் வயலோரம் நிறுத்தினால் ஹோஸைக் கடிக்கும் எலியையும் நினைவில் வையுங்கள்.

பழகிய மெக்கானிக் முதலில் கேட்பது, "பிரேக் மிதி இறுக்கமா இருக்கா தம்பி?" என்றுதான். மிதிக்கும் விசையைக் கூட்டிக்கொடுக்கும் பிரேக் பூஸ்டரின் தடித்த ஹோஸ் மனிஃபோல்டிலிருந்து வருகிறது. அது ஒழுகினால் எஞ்சின் உதறுவது மட்டுமல்ல, பிரேக் மிதியும் இறுகிப்போகும். எஞ்சினை நிறுத்தி மிதியை நாலைந்து தரம் அமர்த்திவிட்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்று இறங்க வேண்டும். அடுத்து எஞ்சினின் ஒயில் ஆவியை மனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸ், ஒயில் மூடி, டிப்ஸ்டிக், இன்ஜெக்டர் ஓ-ரிங், மனிஃபோல்ட் கேஸ்கட். மெல்லிய ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து மறுநுனியை மூட்டுமூட்டாகக் கொண்டுபோனால் சத்தம் வரும் இடம் பிடிபடும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துத் தேடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. சூடான எக்ஸ்ஹோஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும். தண்ணீரை மெல்லிய தூறலாக அடித்தாலே போதும்: வெடிப்பைத் தண்ணீர் ஒரு கணம் அடைக்க, எஞ்சின் சத்தம் மாறும். ஒயரிங்கில் மட்டும் படவிடாதீர்கள். நிச்சயமாகத் தெரியவேண்டும் என்றால் எஞ்சினை நிறுத்தி, குறைந்த அமுக்கத்தில் புகை ஏற்றிப் பார்ப்பதே சிறந்தது. புகை கிளம்பும் இடம் கண்ணுக்கே தெரியும்.

ஹோஸின் நுனி மட்டும் வெடித்திருந்து நீளம் மிச்சமிருந்தால், வெட்டிவிட்டுத் திரும்பப் பூட்டலாம். டேப் சுற்றுவது வீண். சூட்டிலும் ஒயிலிலும் கழன்றுவிடும். பூஸ்டருக்குத் தண்ணீர்க் குழாய் போடவே கூடாது, உறிஞ்சலில் சப்பிப்போகும். கேஸ்கட் மாற்றினால் எஞ்சின் ஆறிய பிறகு, அந்த எஞ்சினுக்குரிய வரிசையில், பொதுவாக நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, போல்ட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும். கடைசியில் ஸ்கேனரால் பழைய ட்ரிம்மை அழித்துவிட்டு ஐட்லிங்கில் திரும்பப் பாருங்கள். பூச்சியத்தைச் சுற்றி நின்றால் வேலை முடிந்தது. இன்னும் +15 என்றால் வேறெங்காவது ஒழுக்கு மிச்சமிருக்கலாம்.