பகலில் கண் மூடும் பச்சோந்தி

மே மாதத்தின் ஒரு பிற்பகலில், செருப்புப் பெட்டி ஒன்றை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி ஒரு கல்லூரி மாணவர் சென்னையில் உள்ள எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு வந்தார். பெட்டிக்குள் விரித்திருந்த துண்டின் மேல் ஒரு பெண் ஏமன் பச்சோந்தி ஒருக்களித்துக் கிடந்தது. எடை 84 கிராம். கண்கள் இரண்டும் மூடி உள்வாங்கியிருந்தன. உடலின் பச்சை மங்கிச் சேறு பூசினாற்போல் கறுத்திருந்தது. முன்னங்கால்கள் முழங்கைக்குக் கீழே வில்லாக வளைந்திருந்தன. என் சுட்டுவிரலை அதன் பாதத்தருகே நீட்டினேன். நலமாக இருக்கும் பச்சோந்தியின் பாதம் இடுக்கி போல் விரலைப் பற்றிக்கொள்ளும். விடுவித்துக்கொள்ளவே சற்றுப் பாடுபட வேண்டும். இதன் பாதமோ விரலின் மேல் வெறுமனே படிந்து நின்றது. கீழ்த்தாடையை லேசாக அழுத்தியபோது ரப்பர் போல் வளைந்து கொடுத்தது. “போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர், மூணு நாளாத்தான் சாப்பிடலை” என்றார் மாணவர்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வளைவு ஒரு வாரத்தில் வந்திருக்கவும் முடியாது. பல மாதங்களாகச் சிறுகச் சிறுக வளைந்தது, தினமும் பார்த்துக்கொண்டே இருந்த கண்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. பறவைக்கும் பாம்புக்கும் இரையாகும் உயிரினம் என்பதால் பச்சோந்தி தன் பலவீனத்தைக் கடைசி வரை மறைத்து வைக்கும். வெளியே தெரியத் தொடங்கிவிட்டது என்றால் மறைப்பதற்கான தெம்பும் தீர்ந்துவிட்டது என்று பொருள். பகலில் கண் மூடியிருக்கும் பச்சோந்தியை நோயாளியாகவே கருத வேண்டும் என்று நான் வளர்ப்பவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ‘அசந்து தூங்குது’ என்று விட்டுவிட்ட இரண்டு நாட்களில் கைநழுவிப் போன உயிர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் ஊரில் தோட்டத்து ஓணானையே பச்சோந்தி என்று அழைப்பவர்கள் பலர். பச்சோந்தி என்றாலே சுற்றுப்புறத்துக்கு ஏற்ப நிறம் மாற்றி ஏய்க்கும் பிராணி என்ற எண்ணமும் வழக்கில் ஊறியிருக்கிறது. உண்மையில் நிறமாற்றத்தின் பெரும்பகுதி வெப்பநிலையையும் மனநிலையையும் சார்ந்தது. தோலின் செல்களுக்குள் இருக்கும் குவானின் என்னும் பொருளின் நுண்படிகங்களுக்கு இடையிலான தொலைவு மாறுவதால் பிரதிபலிக்கும் நிறம் மாறுகிறது என்பதை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தியில் காட்டினர். காலையில் உடல் சூடேறும் வரை கறுத்திருப்பது இயல்பு. வெதுவெதுப்பான இடத்தில் மணிக்கணக்கில் இருந்த பின்னும் கறுத்தே இருந்தால் அது கவனிக்க வேண்டிய செய்தி. எச்சமும் அப்படித்தான்: அதனுடன் வரும் யூரேட் என்னும் சுண்ணாம்பு போன்ற பகுதி வெள்ளையாக இருக்க வேண்டும், ஆரஞ்சு நிறத்தில் வந்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறது.

அந்த மாணவர் வீட்டில் செய்திருந்த முதலுதவி, அன்பு மிகுந்தவர்கள் எல்லோரும் செய்வதுதான். சாப்பிடவில்லையே என்ற கவலையில் வாயைத் திறந்து, கரைத்த குழந்தை உணவை மூன்று வேளையும் சிரிஞ்சினால் ஊற்றியிருக்கிறார். நீர் வற்றிய, உடல் குளிர்ந்த ஊர்வனவற்றின் குடல் வேலை செய்வதில்லை. ஊற்றிய உணவு அங்கேயே தங்கிப் புளிக்கும், அல்லது மூச்சுக்குழலுக்குள் இறங்கும். பச்சோந்தியின் மூச்சுத்துளை வாயின் தரைப்பகுதியிலேயே, நாக்கை ஒட்டி இருப்பதால், பலவீனமான பிராணியின் வாயில் ஒரு சொட்டு தவறாக விழுந்தாலும் நுரையீரல் அழற்சிக்கு வழி திறந்துவிடும். ஆகவே கடும் நோயில் வரிசை இது: முதலில் சரியான வெப்பம், பிறகு நீர், இவை இரண்டும் நிலைப்பட்ட பிறகே உணவு. மனிதர்களைப் போல ‘வயிற்றுக்கு ஏதாவது போனால் தெம்பு வரும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. பூச்சி தின்னும் இந்த உயிரினத்துக்குப் பாலும் தேன்தண்ணீரும் உணவே அல்ல.

வெப்பம் என்றதும் எங்கும் குளிர்ந்த நாடுகளுக்கான அறிவுரைகளே கிடைக்கின்றன. அவற்றை அப்படியே சென்னையில் பின்பற்றினால் பிராணியை வேக வைத்துவிடுவோம். கோடையில் மூடிய அறையே 34 டிகிரியைத் தொடும்போது, மேலே ஒரு சூடேற்றும் பல்பையும் எரியவிட்டால், ஓடி ஒதுங்கத் தெம்பில்லாத நோயாளிக்கு அது மரணப் பொறி. அறையை 26, 27 டிகிரியில் வைத்து, ஏசி காற்று நேராகப் படாமல் கூண்டை ஒதுக்கி, ஒரு மூலையில் மட்டும் ஏறக்குறைய 29 டிகிரி இருக்குமாறு சிறிய பல்பு ஒன்றை அமைத்தால், வேண்டிய இடத்தைப் பிராணியே தேர்ந்துகொள்ளும். வாயைத் திறந்தபடி உடல் வெளிறியிருந்தால் சூடு தாங்கவில்லை என்று பொருள். வாயைத் திறந்து, தலையை மேல்நோக்கித் தூக்கி, மூச்சு விடும்போது ‘டக் டக்’ என்று ஒலி வந்து, உதட்டோரம் சளி நுரைத்தால் அது சுவாசத் தொற்று. இந்த இரண்டையும் ஒன்றென எண்ணி, சளி பிடித்த பச்சோந்தியைக் குளிரூட்டியவர்களும் உண்டு. ஊட்டியிலோ பெங்களூரிலோ இருப்பவர்களுக்குச் சிக்கல் நேர் எதிரானது. அங்கே இரவுக் குளிரை எண்ணிக் கவலைப்பட வேண்டும்.

பச்சோந்தி கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பொதுவாகக் குடிக்காது. இலையில் உருளும் துளியை நக்கிக் குடிப்பதுதான் அதன் பழக்கம். மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட்டை ஒரு தண்ணீர் பாட்டிலில் பொருத்தி, இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு துளி செம்பருத்தி இலை மேல் விழுமாறு வைப்பதைவிட எளிய ஏற்பாட்டை நான் அறியேன். நோயுற்ற பிராணியை வாளி நீரில் அமிழ்த்த வேண்டாம். அது மூச்சு முட்டும் பயத்தைத் தருமே தவிர நீர்ச்சத்தைத் தராது. உள்வாங்கிய கண்ணுடன் இருப்பதற்கு வாய்வழி நீர் போதவும் போதாது. மருத்துவர் தோலுக்கடியில் செலுத்தும் திரவம் தேவை. அதன் அளவைக் கேட்டால் வியப்பார்கள்: நான் அந்தப் பச்சோந்திக்கு ஒரு நேரத்தில் செலுத்தியது ஒன்றரை மில்லி லிட்டர்.

எக்ஸ்ரே எடுத்ததும் நோயின் இரண்டு அடுக்குகளும் தெரிந்தன. எலும்புகள் பின்னணியிலிருந்து பிரித்தறிய முடியாதபடி வெளிறியிருந்தன. வயிறு முழுக்க முட்டைகள், எண்ண முடிந்தவரை 30க்கு மேல். ‘ஆண் பச்சோந்தியே வீட்டில் இல்லையே’ என்று மாணவர் திகைத்தார். ஏமன் பச்சோந்திப் பெண்கள் இணை சேராமலே முட்டை வைக்கும், கோழி வைப்பது போல. தினமும் வயிறு புடைக்கத் தீனி கொடுத்து, அதிக வெப்பத்திலும் வைத்தால் முட்டைகளின் எண்ணிக்கை பெருகும். அத்தனை முட்டைகளுக்கும் வேண்டிய கால்சியத்தை உணவு தராவிட்டால் உடல் அதை எலும்பிலிருந்து உருவும். தசை சுருங்குவதற்கும் கால்சியம் வேண்டும் என்பதால், அது குறைந்த உடலால் முட்டையைத் தள்ளவும் முடிவதில்லை. நாக்கை எறியவும் முடிவதில்லை. சாப்பிடவில்லை என்று வீட்டில் நினைத்தது, பூச்சியைப் பார்த்தும் நாக்கு எட்டாமல் போனதாக இருக்க வாய்ப்பு அதிகம். முட்டையுடன் இருக்கும் பெண் சில நாள் உணவை மறுத்து, கூண்டின் தரையில் சுறுசுறுப்பாகச் சுற்றிக் குழி பறித்தால் அது நோயன்று. முட்டையிட ஏறக்குறைய ஓரடி ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய தொட்டி வைத்து, துணியால் மறைத்துத் தனியே விட வேண்டும். பறிப்பதை நிறுத்திக் கண் மூடித் தரையிலேயே கிடந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

இந்த எலும்பு நோயின் வேரைத் தேடிப் போனால் பெரும்பாலும் விளக்கில்தான் முடிகிறது. கூண்டின் படத்தைக் கைபேசியில் காட்டச் சொன்னேன். பளிச்சென்ற வெள்ளை எல்.இ.டி. ஒன்றும், புற ஊதாக் கதிர் தரும் சுருள் பல்பு ஒன்றும் இருந்தன. “அந்த பல்ப் எப்ப வாங்கினது தம்பி?” என்றேன். இரண்டு வருடத்துக்கு முன் வாங்கியது, இன்னும் நன்றாக எரிகிறது என்றார். சிக்கலே அங்குதான். பச்சோந்தியின் தோல் வைட்டமின் டி3 தயாரிக்க, ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அலைநீளமுள்ள யு.வி.பி. என்னும் புற ஊதாக் கதிர் வேண்டும், அந்த வைட்டமின் இல்லாமல் குடல் கால்சியத்தை ஒழுங்காக ஈர்த்துக்கொள்ளாது. பல்பு கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தொடர்ந்து தந்துகொண்டிருக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தேய்ந்துவிடும். இந்தக் கதிரைத் தரும் நீளக் குழல் வடிவ டி5 (T5) விளக்கைப் பரிந்துரைப்பதும், வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி வைக்கச் சொல்வதும் இதனால்தான். ‘ஜன்னல் வெயிலில் தினமும் வைக்கிறோம்’ என்பவர்களுக்கும் அதே விடை: சாதாரண ஜன்னல் கண்ணாடி யு.வி.பி. கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். வெயில் கொட்டிக் கிடக்கும் ஊரில் வெயில் கிடைக்காத நோயால் ஒரு பிராணி சாவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. பாதி நிழல் விழும் வலைக்கூண்டில், ஒன்பது மணிக்கு மேல் அரைமணி நேரம், காகத்துக்குக் காவலாக ஒருவர் கூடவே இருக்க, மாடியில் வைத்தால் போதும், செலவே இல்லை.

உணவும் துணை நிற்க வேண்டும். கிரிக்கெட் எனப்படும் சுவர்க்கோழிப் பூச்சியிலும் மாவுப்புழுவிலும் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பாஸ்பரஸ் இல்லாத கால்சியம் பொடியைப் பூச்சியின் மேல் தூவித்தான் தர வேண்டும். அதே ஆர்வத்தில் டி3யும் வைட்டமின் ஏயும் கலந்த பொடியை நாள்தோறும் தூவுவது வேறொரு நோயை வரவழைக்கும். அவை உடலில் தங்கி நஞ்சாகும்.

சிகிச்சை தொடங்கிய பிறகு வீட்டில் செய்ய வேண்டியது பெரும்பாலும் சலிப்பூட்டும் வேலை. கூண்டின் மூன்று பக்கங்களைத் துணியால் மறைத்து, ஆள் நடமாட்டம் குறைந்த அறையில் வைக்க வேண்டும். விழுந்தால் எலும்பு முறியும் என்பதால் கிளைகளைத் தாழ்வாகவும் கிடைமட்டமாகவும் கட்டி, தரையில் மெத்தென்று துண்டு விரிக்க வேண்டும். கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும். 84 கிராம் உடம்பில் 5 கிராம் இறங்குவது பெரிய விஷயம். ஊசியும் உணவும் ஒரே முறை கையில் எடுக்கும்போதே முடிந்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை தூக்குவதும் அதற்குச் சாவுடன் மோதும் போராட்டம்தான். நாய்க்கு எழுதித் தந்த ஆன்டிபயாடிக்கை ‘கொஞ்சமாக’ உடைத்துத் தர வேண்டாம். அமினோகிளைகோசைடு வகை ஆன்டிபயாடிக்குகள் நீர் வற்றிய ஊர்வனவற்றின் சிறுநீரகத்தை ஒரேயடியாகக் கெடுத்துவிடும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கூண்டுப் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. நலமாகத் தோன்றும் ஊர்வனவும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும்.

வளர்ப்பவர்கள் தாமதமாக வருவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பலர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. காகிதம் இல்லாத பிராணியைக் கொண்டு போனால் வம்பு வருமோ என்ற அச்சம். நம் காடுகளில் வாழும் இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஏமன் பச்சோந்தியும் பேந்தர் பச்சோந்தியும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை. 2022 சட்டத் திருத்தமும் அதையொட்டி 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும் அவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. பதிவு இல்லாமல் கைமாற்றப்படும் பிராணியை வாங்காதீர்கள். வாங்கியாகிவிட்டது என்பதற்காக அதைப் பெட்டிக்குள் சாக விடவும் வேண்டாம்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடிவதில்லை. சென்ற ஆண்டு ஏழு வயது ஆண் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் மூட்டுகளில் வெள்ளைக் கட்டிகளாகப் படிந்து, கிளையைப் பிடிக்கும்போதெல்லாம் பாதத்தை உதறிக்கொண்டது. உண்ணாமல், பிடிக்காமல், நகர்ந்தாலே வலிக்கும் நிலை வந்துவிட்ட பிறகு கருணைக்கொலையைப் பற்றி நானே பேச்சை எடுப்பேன். முதலில் மயக்க மருந்து, உணர்வு முழுவதும் அடங்கியபின் இறுதி ஊசி என இரண்டு கட்டமாக அதைச் செய்கிறோம். ஊர்வனவற்றை ஃப்ரீசரில் வைத்தால் தூக்கத்திலேயே போய்விடும் என்பது பரவலாக நம்பப்படும் கொடுமை. உணர்வுடன் இருக்கும் பிராணியை உறைய வைப்பதைக் கால்நடை மருத்துவம் ஏற்பதில்லை.

செருப்புப் பெட்டியில் வந்த பெண்ணுக்கு நான்கு நாள் திரவமும் கால்சியமும் செலுத்திப் பார்த்தோம், முட்டை இறங்கவில்லை. ஆறாம் நாள் அறுவை செய்து 34 முட்டைகளையும் கருப்பைக் குழல்களையும் சூலகங்களையும் எடுத்தோம். மயக்கம் தெளிய மூன்று மணி நேரம் ஆனது. இரண்டு வாரம் சிரிஞ்சில் கூழ். ஐந்தாம் வாரத்தில் மாணவர் ஒரு வீடியோ அனுப்பினார்: விரல் நீளத் தொலைவில் இருந்த பூச்சியை நோக்கி நாக்கு நீண்டு, பாதியில் தொங்கி, மெதுவாக உள்ளே போனது. அதற்கடுத்த வாரம் பிடித்துவிட்டது. முன்னங்கால் வளைவு நிமிரவில்லை, நிமிரவும் செய்யாது. மறுபரிசோதனைக்கு வந்தபோது புதுக் குழல்விளக்கின் படத்தைக் காட்டினார். அதன் ஓரத்தில் மார்க்கரில் தேதி எழுதியிருந்தது, பக்கத்தில் அடுத்து மாற்ற வேண்டிய மாதமும்.