'அழுகிய நகரம்' அல்ல, உளுத்த தொகுதி

இங்கிலாந்து வரலாறு பற்றிய தமிழ்க் கட்டுரை எதை எடுத்தாலும், தேர்தல் முறையைத் திருத்திய 1832 சீர்திருத்தச் சட்டத்துக்கு வந்தவுடன் 'அழுகிய நகரங்கள் ஒழிக்கப்பட்டன' என்ற வரி வந்து நிற்கிறது. அதை எழுதியவர் ஒரு கணம் பொருளை யோசித்திருந்தால் அடித்திருப்பார். எந்த நகரமும் ஒழிக்கப்படவில்லை. ஒழிந்தது மக்களவைக்கு உறுப்பினர் அனுப்பும் உரிமை.

மூலத்தொடர் 'ராட்டன் பரோ'. பழைய ஆங்கிலத்தில் அரண் சூழ்ந்த இடத்துக்குப் பெயரான 'புர்ஹ்' என்பதே பரோ ஆயிற்று. பின்னர் அரசரிடம் பட்டயம் பெற்ற ஊரைக் குறித்தது. தேர்தலைப் பற்றிப் பேசும்போது அது தொகுதிதான். நகரம் என்று எழுத இடமே இல்லை.

ஏன் என்று விளங்க, சஃபோக் கடற்கரையில் இருக்கும் டனிச்சைப் பார்த்தால் போதும். (எழுத்தைப் பார்த்து டன்விச் என்று எழுதுகிறார்கள்; ஊர்க்காரர்கள் சொல்வது டனிச்.) இடைக்காலத்தில் அது பெரிய துறைமுகம். 1298 முதல் இரண்டு உறுப்பினர்களை அனுப்பிவந்தது. ஆனால் ஊர் நின்றது மணல் மேட்டின் மேல். 1286, 1328 ஆண்டுகளின் புயல்கள் கரையை அரித்தன. துறைமுகத்தின் வாயைக் கூழாங்கற்கள் அடைத்துக்கொண்டன. கப்பல்கள் வேறு துறைகளுக்குப் போயின, வணிகமும் பின்னாலேயே போயிற்று. தெருத்தெருவாக, கோவில் கோவிலாகக் கடல் கொண்டது. 1832க்குச் சற்று முன் அங்கே எஞ்சியவை 44 வீடுகள், 32 வாக்காளர்கள். உறுப்பினர்கள் மட்டும் அதே இரண்டு பேர். லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த மான்செஸ்டருக்குத் தனக்கென்று ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது.

இந்த ஊரில் எது அழுகியது? அழுகல் என்றால் ஈரம், நாற்றம், புழு. 'அழுகிய நகரம்' என்று படிக்கும் மாணவன் சாக்கடை ஓடும் தொழிற்பட்டினம் ஒன்றைத்தான் நினைப்பான். டனிச் கடற்காற்று வீசும் சிற்றூர்.

தமிழில் இதற்கென்றே செய்துவைத்ததுபோல ஒரு சொல் இருக்கிறது: உளுத்தல். வண்டு குடைந்த உத்தரம் வெளிப்பார்வைக்கு முழுசாகத்தான் இருக்கும். விரலால் தட்டினால் மாவு கொட்டும். டனிச்சின் பட்டயம் முழுசாக இருந்தது, இரண்டு இடங்களும் முழுசாக இருந்தன, உள்ளே மக்கள்தான் இல்லை. 'உளுத்துப்போன வாதம்' என்று நாள்தோறும் எழுதுகிற நமக்கு 'உளுத்த தொகுதி' புதிதாகவே படாது.

மறுப்பவர்களுக்கு ஒரு நல்ல சான்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. பின்னர் பிரதமரான மூத்த வில்லியம் பிட் 1766இல் மக்களவையில் பேசும்போது, இந்தத் தொகுதிகளை அரசமைப்பின் அழுகிய பகுதி என்றார். தானாக உதிராவிட்டால் வெட்டி எடுக்க வேண்டும் என்றார். அழுகிய உறுப்பு என்ற உருவகம் அது. ஆனால் அவர் அழுகியது என்று சொன்னது அரசமைப்பின் ஓர் அங்கத்தை, ஊரை அல்ல. 'அழுகிய அங்கம்' என்று எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். 'அழுகிய நகரம்' என்றால் பிட்டின் உருவகமும் கெடுகிறது, செய்தியும் கெடுகிறது.

இன்னொரு சாரார் 'ஊழல் தொகுதி' என்கிறார்கள். ஊழ்த்தல் என்ற வினைக்கு முதிர்தல், பதனழிதல் என்ற பொருள்கள் உண்டு என்று வேர் காட்டுவார்கள். வேர் சரி. ஆனால் இன்றைய வாசகன் காதில் ஊழல் என்றால் லஞ்சம் மட்டுமே விழுகிறது. இங்கிலாந்தில் அக்காலத்தில் ஆள் நிறைந்த தொகுதிகளிலும் வாக்கு விலை போயிற்று. ரகசிய வாக்கெடுப்பு வந்ததே 1872இல்தான். லஞ்சம் எல்லா இடத்திலும் இருந்தது. மக்கள் இல்லாமை சில இடங்களின் தனிக்குறை. அந்தத் தனிக்குறையைச் சொல்லாத சொல் கலைச்சொல் ஆகாது.

'பாக்கெட் பரோ' என்ற தொடரை இதோடு குழப்பி, 'சட்டைப்பைத் தொகுதி' என்று வேறு எழுதுகிறார்கள். ஒரு செல்வரின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தொகுதி அது. 'கைவசத் தொகுதி' என்றால் பொருள் தெளிவு. டனிச் இரண்டுமாக இருந்தது: பார்ன், வனெக் என்ற இரு குடும்பங்கள் ஆளுக்கோர் இடம் என்று பங்கிட்டுக்கொண்டன. பிட்டின் பாட்டனார் தாமஸ் பிட், 1698 முதல் 1709 வரை சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர், பழைய சாரம் என்ற தொகுதியையே நிலத்தோடு விலைக்கு வாங்கினார். மேடும் புல்லுமாகக் கிடந்த இடம். பேரனும் மக்களவைக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான். குடும்பச் சொத்தாகக் கைமாறிய தொகுதியைச் சட்டைப்பைக்குள் திணிப்பது என்ன மொழிபெயர்ப்பு?

அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடம் முற்றிவிட்டது. ராட்டன் என்றால் அழுகிய, பாக்கெட் என்றால் சட்டைப்பை, முடிந்தது வேலை. இந்த வரலாற்றைத் தமிழில் மட்டுமே படிக்கப்போகிற பிள்ளை அதை வைத்து எதைப் புரிந்துகொள்ளும் என்ற கவலை அதில் தெரியவில்லை. தனித்தமிழில் இருக்கிறது என்பதற்காக ஒரு தொடரைப் பாராட்ட என்னால் முடியாது. 'அழுகிய நகரம்' முழுக்கத் தமிழ்ச்சொற்களால் ஆன பிழை. அதைவிட 'பரோ' என்றே எழுதி ஒரு வரி விளக்கம் தருவது மேல். நல்ல சொல் கையிலேயே இருக்கும்போது அதுவும் தேவையில்லை: '1832 சட்டம் டனிச், பழைய சாரம் முதலிய உளுத்த தொகுதிகளின் உரிமையைப் பறித்தது' என்று எழுதலாம். சட்டத்தின் ஏ அட்டவணையில் அவ்வாறு உரிமை இழந்த பரோக்கள் 56.