சர்வைவல் ஹாரர்: பொருளும் பிறப்பும் தமிழ்ப் பெயரும்

ஒரு வீடியோ கேமில் ஜாம்பி வந்தாலே அது சர்வைவல் ஹாரர் வகை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஜாம்பிகளைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுத் தள்ளும் வீடியோ கேம்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் பயமும் இல்லை, உயிரோடு மீள்வோமா என்ற கேள்வியும் இல்லை. பேய், இருட்டு, ரத்தம் எல்லாம் எந்தத் திகில் கதையிலும் வரும். இந்த வகையைத் தனியே பிரித்துக் காட்டுவது போதாமை. தோட்டா போதாது, மருந்து போதாது, பையில் இடம் போதாது, சில கேம்களில் வெளிச்சமே போதாது. அந்தப் போதாமை தானாக நேர்ந்ததல்ல. எந்த அறையில் எத்தனை தோட்டா கிடைக்க வேண்டும் என்று வடிவமைப்பாளர் கணக்குப் போட்டு வைத்தது.

பெயர் பரவியது 1996இல். ஜப்பானிய நிறுவனமான கேப்காம் அந்த ஆண்டில், சோனியின் கேம் கருவியான பிளேஸ்டேஷனின் முதல் பதிப்புக்கு ஒரு கேம் வெளியிட்டது. ஜப்பானில் அதன் பெயர் பயோஹசார்ட், வெளிநாடுகளில் ரெசிடென்ட் ஈவில். இயக்கியவர் ஷின்ஜி மிகாமி. சேமித்து வைத்த ஆட்டத்தை மறுபடி திறந்தால், சர்வைவல் ஹாரர் உலகத்துக்குள் மீண்டும் நுழைந்துவிட்டீர்கள் என்ற பொருளில் ஒரு வரி திரையில் தோன்றும். கேப்காம் தன் சரக்குக்குச் சூட்டிக்கொண்ட அடைமொழி அது. அதே பாணியில் அடுத்தடுத்து வந்தவற்றுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொள்ள, அடைமொழி வகைப்பெயர் ஆகிவிட்டது.

பெயர் 1996இல் வந்தாலும் பொருள் அதற்கு முன்பே இருந்தது. 1989இல் கேப்காமே நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கேம் கருவிக்கு ‘ஸ்வீட் ஹோம்’ வெளியிட்டிருந்தது. ஒரு மாளிகைக்குள் மாட்டிக்கொண்ட ஐந்து பேர். இறந்தவர் இறந்தவரே, திரும்ப வரமாட்டார். கையில் கொஞ்சம் பொருள்களையே வைத்துக்கொள்ள முடியும். அதை இயக்கிய தொக்குரோ ஃபுஜிவாராதான் பின்னர் ரெசிடென்ட் ஈவிலின் தயாரிப்பாளர். பழையதைப் புதிய கருவியில் மறுபடி செய்து பார்ப்போம் என்பதே தொடக்க யோசனை. காட்சி முறைக்கு வேறொரு முன்னோடி உண்டு. பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் 1992இல் வெளியிட்ட ‘அலோன் இன் த டார்க்’. வரைந்து வைத்த பின்னணியின் மேல் முப்பரிமாண உருவங்கள் நடமாடும், கேமரா அறையின் மூலையில் அசையாமல் நிற்கும். இந்த இரண்டும் வந்த காலத்தில் யாரும் அவற்றைச் சர்வைவல் ஹாரர் என்று அழைக்கவில்லை. பிள்ளை பெயர் பெற்ற பிறகு பெற்றோருக்கும் அந்தப் பெயரே வந்து சேர்ந்தது.

இனி சொற்கள். சர்வைவல் லத்தீன் வேர்களிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சூப்பர் என்றால் மேலே, அப்பால். விவெரெ என்றால் வாழ்வது. ஒன்று முடிந்த பிறகும், மற்றவர் போன பிறகும் வாழ்ந்திருப்பது என்பது அதன் பொருள். ஹாரரின் மூலம் ஹொர்ரேரே என்ற லத்தீன் வினை: சிலிர்த்து நிற்பது, குறிப்பாக மயிர் குத்திட்டு நிற்பது. நம் மயிர்க்கூச்செறிதலும் அதே உடல் நிகழ்விலிருந்து பிறந்த சொல்தான். பயத்துக்குப் பெயர் வைக்கும்போது இரண்டு மொழிகளும் மனத்தை விட்டுத் தோலைப் பார்த்திருக்கின்றன.

பயம் எதனால் வருகிறது என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் ஒரு கணக்குத் தருகிறது: “அணங்கே விலங்கே கள்வர்தம் இறை”. அணங்கு (பேய், வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், அரசன் என்று நான்கு. இந்த நான்கிலேயே இந்த வகை கேம்களைப் பெரும்பாலும் அடக்கிவிடலாம். ஆவிகளைக் கேமராவால் படம் பிடித்து விரட்டும் ‘ஃபேட்டல் ஃபிரேம்’ (2001) அணங்கு. டைனோசர்களிடமிருந்து தப்பும் ‘டைனோ கிரைசிஸ்’ (1999) விலங்கு. ‘அவுட்லாஸ்ட்’டில் (2013) துரத்துபவர்கள் மனிதர்கள், கள்வரின் இடம். இறையின் இடத்தில் ரெசிடென்ட் ஈவில் ஒரு மருந்துக் கம்பெனியை உட்கார்த்தி வைத்திருக்கிறது. அதே இயலில் வரும் இளிவரலையும், அதாவது அருவருப்பையும், சேர்த்துக்கொண்டால் ஜாம்பிக்கும் இடம் கிடைத்துவிடும். இளிவரலுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் பிணியும் ஒன்று. ஜாம்பி நடமாடும் பிணி.

ஆனால் இவை எல்லாம் ஹாரர் என்ற பாதிக்கு மட்டும் விளக்கம். இந்த வகையின் உயிர் சர்வைவலில் இருக்கிறது.

முதல் ரெசிடென்ட் ஈவிலில் ஒரு குறுகிய நடைபாதை, நடுவில் ஒரு ஜாம்பி. சுட்டு வீழ்த்தினால் பல தோட்டாக்கள் போய்விடும். விலகி ஓடினால் தோட்டா மிஞ்சும், ஆனால் அதே வழியில் திரும்ப வர வேண்டியிருக்கும், அந்த ஜாம்பியும் அங்கேயே நிற்கும். ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் இரு கதாபாத்திரங்களில் ஜில்லுக்குப் பையில் எட்டு இடம், கிறிஸுக்கு ஆறு. சாவி ஓர் இடத்தைப் பிடிக்கும், துப்பாக்கி ஓர் இடத்தை, அதற்கான தோட்டா இன்னோர் இடத்தை. மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால் வழியில் கிடைக்கும் பொருளை எடுக்க இடமிருக்காது. ஆட்டத்தைச் சேமிக்கத் தட்டச்சுப் பொறி வேண்டும், அதற்கு மை நாடாவும் வேண்டும்; ஒவ்வொரு முறையும் ஒரு நாடா செலவு. சேமிப்பதே ஒரு செலவு என்று ஆன பிறகு கதாபாத்திரத்தின் உயிரோடு ஆடுபவரின் நேரமும் பணயத்தில் வந்துவிடுகிறது. அரை மணி நேர ஆட்டம் போய்விடுமே என்ற பதற்றம் கற்பனை இல்லை, நிஜம். என்னைக் கேட்டால் திரையில் வரும் எந்தக் கோர உருவத்தையும்விட அந்த மை நாடாதான் பயங்கரமானது.

2002இல் அதே கேமை மறுபடி உருவாக்கியபோது மிகாமி இந்தக் கணக்கை இன்னும் இறுக்கினார். வீழ்ந்த ஜாம்பியின் தலை சிதறியிருக்க வேண்டும் அல்லது உடலை எரித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறிது நேரம் கழித்து அது சிவந்த தலையோடும் முன்னைவிட அதிக வேகத்தோடும் எழுந்து வரும். எரிக்க மண்ணெண்ணெய் வேண்டும், அதுவும் அளவாகத்தான் கிடைக்கும். கொன்றால் லாபம் என்பது பெரும்பாலான கேம்களின் அடிப்படை விதி. இங்கே கொலையும் செலவுக் கணக்கில்தான் சேரும்.

கருவியின் வரம்புகளும் உதவின. அசையாத கேமராவால் மூலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது, காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். கதவு மெல்லத் திறக்கும் காட்சி, அடுத்த அறையின் தரவை வட்டிலிருந்து எடுக்கும் நேரத்தை மறைக்க வந்தது. ஆடுபவருக்கோ அது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் நேரம். 1999இல் கொனாமி வெளியிட்ட ‘சைலன்ட் ஹில்’லில் ஊரையே மூடிய மூடுபனி, தூரத்துக் கட்டடங்களை வரையத் திராணியில்லாத கருவிக்குப் போட்ட திரை. எதிரி நெருங்கும்போது கரகரக்கும் வானொலிப் பெட்டியைக் கொடுத்து, பார்வையிலிருந்து பறித்ததைக் காதுக்கு மாற்றினார்கள்.

எல்லைக்கோடு எங்கே என்பதில் சச்சரவு உண்டு. 2005இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில் 4’ கேமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தது, எதிரிகளைக் கூட்டமாக இறக்கியது, விழும் எதிரியிடமிருந்தே தோட்டா கிடைக்கவும் வைத்தது. அருமையான கேம். ஆனாலும் அங்கே போதாமை தளர்ந்துவிட்டது, அதை அதிரடி என்பதே பொருந்தும். அதே ஆண்டு வந்த ‘எஃப்.இ.ஏ.ஆர்.’ பேய்ச் சிறுமியைக் காட்டிப் பயமுறுத்தினாலும், காலத்தையே மெதுவாக்கிச் சுடும் வல்லமையைக் கொடுத்துவிடுகிறது. அது திகில் பூசிய சுடும் ஆட்டம். மறுபக்கம் ‘அம்னீஷியா: த டார்க் டிசென்ட்’ (2010) ஆயுதமே தரவில்லை. சண்டை இல்லாதது எப்படி சர்வைவல் ஆகும் என்று கேட்பவர்கள் அதன் விளக்கை மறந்துவிடுகிறார்கள். இருளில் நின்றால் மனம் பேதலிக்கும், வெளிச்சத்துக்கு எண்ணெய் வேண்டும், எண்ணெய் தீர்ந்துகொண்டே வரும். தோட்டாவின் வேலையை எண்ணெய் செய்கிறது, அவ்வளவுதான். சர்வைவல் என்று மட்டும் சொல்லப்படும் கேம்கள், மரம் வெட்டி, வீடு கட்டி, பசி தீர்ப்பவை, வேறு இனம். அங்கே கையிருப்பு நாளுக்கு நாள் பெருகும்.

தமிழில் என்ன சொல்லலாம்? உயிர்வாழும் திகில் என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் திகில்தான் உயிரோடு இருக்கிறது என்று ஆகிவிடும். வாழ்வாதாரத் திகில் என்றால் வேலை பறிபோன கதையோ என்று தோன்றும். உய்வு அழகான பழஞ்சொல். ஆனால் பக்தி இலக்கியத்தின் வழியே அதற்குக் கடைத்தேறுதல் என்ற நிறம் ஏறிவிட்டது. மை நாடாவைத் தேடி ஓடுபவருக்கு வீடுபேறு வேண்டாம், அடுத்த அறைக்குப் போனால் போதும்.

பிழைத்தல் என்ற வினையே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதன் பழைய பொருள் தவறுதல், குறி தப்புதல். “யானை பிழைத்தவேல்” என்கிறது குறள். யானைமேல் படாமல் போன வேல். வந்த கேடு நம்மேல் படாமல் தவறிப் போனால் நாம் பிழைத்தோம். தப்பு என்ற சொல்லுக்கும் இதே இரட்டைப் பொருள் உண்டு: தவறும் அதுவே, உயிர் மீள்வதும் அதுவே. எதிரியை வெல்லாமல் அவன் கைக்குத் தவறிப் போவதே வழியாக உள்ள ஒரு கேம் வகைக்கு இதைவிடச் சரியான வினை கிடைக்காது. வெறும் பிழைப்பு என்றால் வயிற்றுப்பாடு ஆகிவிடும் என்பதால் முன்னால் உயிரைச் சேர்க்க வேண்டும்: உயிர்பிழைப்பு.

ஹாரருக்குப் பேய் என்றால் குறுகிவிடும், மேலே கண்ட நான்கில் ஒன்றுதான் அணங்கு. பயங்கரம் என்பது கண்டபின் சொல்வது. காண்பதற்கு முன்பே, கதவு திறக்கும்போதே நெஞ்சில் விழுவது திகில். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. தமிழில் வார இதழ்களும் சினிமாவும் ஏற்கெனவே இதைப் பழக்கிவிட்டன.

ஆக, உயிர்பிழைப்புத் திகில். வன்றொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் வல்லினம் மிகும் என்பதால் நடுவில் ‘த்’ கட்டாயம். வகையைக் குறிக்க இதுவே போதும், தனி ஒன்றைக் குறிக்க உயிர்பிழைப்புத் திகில் ஆட்டம் என்று எழுதலாம். ரெசிடென்ட் ஈவில் 4 போன்றவற்றுக்கு அதிரடித் திகில். பேச்சில் சர்வைவல் ஹாரர் என்றே வரும், வரட்டும். எழுத்தில் முதல் முறை இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் பிறகு தமிழ்ப் பெயரையே தொடர்ந்தால் வாசிப்பவருக்குச் சிரமம் இருக்காது.